வெந்நீர் ஊற்று இருந்தால் மட்டும் ஊர் பிழைக்குமா? கிரீஸின் குளியல் ஊர்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிரீஸ் என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைச் சுவர் வீடுகளும் நீலக் கடலும் அக்ரோபோலிஸ் குன்றும்தான். அந்த நாட்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட கனிம நீர், வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றையே நம்பி வளர்ந்த ஊர்களும் பல உண்டு. அந்த ஊர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில தவறான எண்ணங்களும் கூடவே வந்துவிடுகின்றன. வெந்நீர் என்றால் கீழே எரிமலை இருக்கிறது, எடுக்க எடுக்க அது குறையாது, அதில் குளித்தால் எந்த நோயும் தீரும் என்றெல்லாம் நினைக்கிறோம். புதிதாக ஒரு சொகுசு ஹோட்டல் வந்தால் அதை ‘நீடித்த வளர்ச்சி’ என்கிறோம். பழைய குளியல் மாளிகைக்கு வண்ணம் பூசினால் அது ‘பண்பாட்டு மறுமலர்ச்சி’ ஆகிவிடுகிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் திட்டமான பொருள் உண்டு. அதை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

கிணறும் அதன் ஊறலும்

தோட்டத்துக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் நிறைய நிற்கிறது. மோட்டார் போட்டு இரண்டு மணி நேரம் இறைத்தால் வற்றிவிடுகிறது. மறுநாள் காலையில் திரும்பவும் ஊறியிருக்கிறது. அந்தக் கிணற்றை நம்பி எத்தனை வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சலாம்? அதைத் தீர்மானிப்பது காலையில் நிற்கும் தண்ணீர் அல்ல, ஒரு ராத்திரியில் ஊறும் தண்ணீர். பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

வெந்நீர் ஊற்றுக்கும் இதே கணக்குதான். வெளியே வரும் நீருக்கு ஈடாக உள்ளே போய்ச் சேரும் நீரை ‘மீள்நிரப்பு’ என்பார்கள். கிணறு ஒரே ராத்திரியில் ஊறிவிடுகிறது. வெந்நீர் ஊற்றுக்கோ மழை மண்ணுக்குள் இறங்கி, ஆழம் போய், சூடாகி, மேலே வர ஆண்டுக்கணக்கில் ஆகும். சில ஊற்றுகளில் நூற்றாண்டுகளும் ஆகலாம். இன்று குளியல் தொட்டியில் விழும் நீர் நம் தாத்தா பிறப்பதற்கு முன்பு பெய்த மழையாக இருக்கக்கூடும். அதனால்தான் அளவுக்கு மீறி எடுப்பதன் விளைவு உடனே தெரிவதில்லை. தெரியவரும்போது திருத்துவதற்கும் அதே அளவு காலம் பிடிக்கும்.

தண்ணீர் எப்படிச் சூடாகிறது?

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். எரிமலையே இல்லாத இடத்திலும் இது உண்டு. பாறையில் ஆழமான வெடிப்பு இருந்து, தண்ணீர் அதன் வழியே இறங்கி, சூடாகி, ஆறுவதற்குள் வேகமாக மேலேறிவிட்டால் வெந்நீர் ஊற்று உண்டாகும். இப்படிப் பாறை உடைந்து இரு பக்கமும் விலகி நகர்ந்த வெடிப்புக்குப் ‘பிளவு’ என்று பெயர்.

கிரீஸில் இத்தகைய பிளவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆப்பிரிக்க நிலத்தட்டு ஏகியன் கடலுக்கு அடியில் வடக்கு நோக்கிச் சரிந்து நுழைந்துகொண்டிருக்கிறது. அதன் மேலிருக்கும் ஏகியன் பகுதியோ இழுபட்டு மெலிந்து வருகிறது. மெலிந்த இடத்தில் உள்வெப்பம் மேலே வருவது எளிது. நிலநடுக்கங்களுக்கும் வெந்நீருக்கும் காரணம் ஒன்றே. மெத்தானா, மீலோஸ், சாந்தோரினி, நிசிரோஸ் ஆகியவை ‘எரிமலை வளைவு’ எனப்படும், வில் போல வளைந்த எரிமலை வரிசையில் நிற்கின்றன. அங்கே வெந்நீருக்கும் எரிமலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எல்லா ஊற்றும் அப்படி இல்லை. எவியா தீவின் வடக்கில் இருக்கும் எடிப்சோஸும் அதற்கு எதிர்க்கரையில் இருக்கும் தெர்மோபைலேயும் அந்த வளைவுக்கு வெகு தொலைவில் இருப்பவை. அங்கே நீர் மேலே வருவது பெரும்பிளவுகளின் வழியாக.

இதைப் பழங்காலத்தவர்களே கவனித்திருக்கிறார்கள். ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு எடிப்சோஸிலும் தெர்மோபைலேயிலும் வெந்நீர் மூன்று நாட்கள் நின்றுபோனது, பிறகு எடிப்சோஸில் வேறு இடத்தில் பீறிட்டது என்று ஒரு செய்தியைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்திருக்கிறார். ஊற்று என்பது நிலையாக ஒரே இடத்தில் நிற்கும் சொத்து இல்லை என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சான்று இது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

எடிப்சோஸில் சில ஊற்றுகள் 70 டிகிரியைத் தாண்டுகின்றன. லெஸ்வோஸ் தீவின் பொலிக்னிதோஸ் ஊற்று ஐரோப்பாவின் மிகச் சூடான ஊற்றுகளில் ஒன்று, 80 டிகிரிக்கும் மேல். வட கிரீஸின் பொசாரில் 37 டிகிரிதான், நம் உடம்புச் சூடு. அப்புறம் சுவையும் மணமும் ஊருக்கு ஊர் மாறும். சூடான நீர் வரும் வழியில் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கடலோர ஊர்களில் கடல்நீரும் உள்ளே புகுந்து கலந்துவிடுகிறது. எடிப்சோஸ் நீர் உப்புக் கரிப்பது அதனால்தான். மெத்தானாவில் கந்தக வாடை அடிக்கும். இகாரியா தீவின் தெர்மாவில் ரேடான் என்ற கதிரியக்க வாயு கரைந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வெந்நீர் என்பது ஆழம் போய்த் திரும்பி வந்த மழையும் கடல்நீரும். சூடு தருவது பூமி, வழி தருவது பிளவு, அளவைத் தீர்மானிப்பது மீள்நிரப்பு.

அது மருந்தா?

மூட்டு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும் வெந்நீர்க் குளியல் இதமாக இருக்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. நீரில் மிதக்கும்போது மூட்டின் மேல் விழும் பாரம் குறைகிறது, சூட்டில் தசை தளர்கிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது. இது ஆறுதல். நோயை வேரோடு அறுப்பது வேறு. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் சூடான ஊற்றில் இறங்கக் கூடாது.

‘ஹிப்போகிரட்டீஸே பரிந்துரைத்தது’ என்று விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கலாம். பழங்கிரேக்க மருத்துவரான அவர் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று காற்று, நீர், நிலம் ஆகியவற்றைப் பற்றியது. வெந்நீரும் இரும்பும் கந்தகமும் கிடைக்கும் மண்ணிலிருந்து வரும் தண்ணீரை அது மோசமான தண்ணீர் வகையில்தான் சேர்க்கிறது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறது. அங்கே பேச்சு பெரும்பாலும் குடிநீரைப் பற்றியது, குளியலைப் பற்றியது அல்ல. இருந்தாலும் விளம்பரம் எழுதுகிறவர்கள் ஒருமுறை அதைப் படித்துப் பார்க்கலாம்.

ஒரு நீரைக் குணமளிக்கும் இயற்கை வளம் என்று சொல்வதற்குக் கிரீஸில் சட்டம் இருக்கிறது. ஊற்றுகளுக்கான முதல் விரிவான சட்டம் 1920இல் வந்தது. 2006இல் வந்த 3498ஆம் எண் சட்டம், நீரின் வேதியியல் ஆய்வும் மருத்துவச் சான்றும் இருந்தால்தான் அந்த அங்கீகாரம் என்று வரையறுத்தது. ஊற்று இருப்பதும் அங்கீகாரம் பெற்ற ஊற்று இருப்பதும் வேறுவேறு. நாட்டின் ஊற்றுகளில் பெரும்பான்மை இந்த அங்கீகாரத்துக்கு வெளியில்தான் இருக்கின்றன.

ஊர்கள் எழுந்த கதை, தளர்ந்த கதை

எடிப்சோஸையே எடுத்துக்கொள்வோம். அரிஸ்டாட்டில் தன் வானிலை நூலில் அதன் வெந்நீரைக் குறிப்பிடுகிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியத் தளபதி ஸுல்லா கால் மரத்துப்போய், அந்த ஊருக்குக் கப்பலேறி வந்து குளித்ததைப் பழங்கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஊற்றுகளோடு கூட ஸுல்லா விட்டுச்சென்ற பெயரும் ஊருக்குச் சொத்தாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலோரத்தில் எழுந்த பெரிய குளியல் ஹோட்டலுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

புளூட்டார்க்கின் இன்னொரு குறிப்பு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எடிப்சோஸ் கிரேக்கர்கள் எல்லோருக்கும் பொதுவான தங்குமிடம் போல இருந்தது, இளவேனிலில் ஆட்கள் வந்து குவிவார்கள், நல்ல சாப்பாடு, அதற்கப்புறம் நீண்ட நேரம் உட்கார்ந்து பேச்சு என்று அவர் வர்ணிக்கிறார். நோய் தீர்க்க வந்தவர்கள் மட்டும் கூடிய இடமாக அது இருந்ததில்லை. குளித்து, உண்டு, பேசிக் கழிக்கும் பொது இடமாகவும் இருந்திருக்கிறது.

மற்ற இடங்களிலும் இந்தத் தொடர்ச்சி உண்டு. திரேஸ் பகுதியின் ட்ரையானூபோலி, ரோமப் பேரரசர் டிராஜன் பெயரில் எழுந்த ஊர். அங்கே வெந்நீரின் அருகில் 14ஆம் நூற்றாண்டின் ஒட்டோமன் சத்திரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பிலிப்பிக்கு அருகில் உள்ள கிரினிதெஸ் சேற்றுக் குளியலில் ஒட்டோமன் குளியல் மண்டபம் இருக்கிறது. கித்னோஸ் தீவுக்கு நவீன கிரீஸின் முதல் அரசர் ஓட்டோவும் அரசி அமாலியாவும் குளிக்க வந்தார்கள். ஆட்சி மாறியது, மதம் மாறியது, குளிக்கும் வழக்கம் மட்டும் விடவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்களுக்கு நல்ல காலம் வந்தது. சாலை, கப்பல், அரசு கட்டிய ஹோட்டல்கள் என்று வசதி பெருகியது. மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடும் காப்பீட்டு நிதியின் உதவியோடும் ஓய்வூதியர்கள் வந்து இரண்டு மூன்று வாரம் தங்கிக் குளித்துவிட்டுப் போவார்கள். விவசாயி, மாலுமி, தையல்காரர் எல்லாம் வந்தார்கள். வாடகை அறைக்காரர்கள், உணவகக்காரர்கள், மீனவர்கள் என்று ஊரே அதில் பிழைத்தது.

அப்புறம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மாத்திரைகளும் மூட்டு அறுவைச் சிகிச்சையும் வந்த பிறகு மூன்று வாரம் குளிக்க நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைந்தார்கள். இளையவர்களுக்கு ‘குளியல் ஊர்’ என்றாலே பாட்டிமார் போகும் இடம். கோடை வெயிலைத் தேடி வந்த வெளிநாட்டவர்கள் தீவுக் கடற்கரைகளுக்குப் போய்விட்டார்கள். அரசுக் கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 2010இல் கடன் நெருக்கடி வந்தபோது உதவித்தொகைகள் வெட்டப்பட்டன. அரசுச் சொத்துகளை விற்கவும் குத்தகைக்கு விடவும் 2011இல் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. கயாஃபாஸ், கில்லினி, தெர்மோபைலே போன்ற ஊற்றுகளைச் சார்ந்த சொத்துகள் அதன் கையில் போயின. தெர்மோபைலேயில் கைவிடப்பட்ட பழைய ஹோட்டல் பின்னர் அகதிகள் தங்கும் இடமானது. பக்கத்தில் ஓடும் வெந்நீர் ஓடையில் லாரி ஓட்டுநர்களும் பயணிகளும் காசில்லாமல் குளித்துவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு நடந்தும் ஊற்றுகள் வற்றவில்லை. தண்ணீர் இருந்தும் ஊர் தேய்ந்தது. தண்ணீரைச் சுற்றியிருந்த ஏற்பாடு, அதாவது வருகிறவர், தங்கும் இடம், செலவை ஏற்கும் நிதி, கட்டடத்தைப் பராமரிக்கும் கை, இவை உடைந்ததுதான் காரணம். அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கட்டும் வேலையைத்தான் ‘நீடித்த வளர்ச்சி’ என்று சொல்ல வேண்டும்.

நீடித்த வளர்ச்சி என்றால் இங்கே என்ன?

ஊற்றின் ஊறலுக்குள் வாழ்வது, ஆண்டு முழுக்கப் பிழைப்பது, வருமானம் ஊருக்குள்ளேயே சுற்றுவது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை நிலைக்காது.

முதலில் தண்ணீர். ஊற்றின் வரத்தையும் சூட்டையும் தொடர்ந்து அளக்க வேண்டும். ஊற்றைச் சுற்றி யார் வேண்டுமானாலும் ஆழ்துளை போட முடியாதபடி ஒரு காப்பு எல்லை வகுக்க வேண்டும். ஒரு ஹோட்டல் தன் நிலத்தில் ஆழமாகத் துளையிட்டால் இயற்கை ஊற்றுக்கு வரும் அழுத்தம் குறைந்து, பொதுக் குளியலறையில் நீர் சுண்டிப்போகலாம். ஒரே நீரோட்டத்தை இருவர் பங்கிடும்போது சட்டப்படி அது யாருடைய நிலம் என்பதைப் பாறை பார்க்காது. ஸ்ட்ராபோ சொன்ன செய்தியின் பாடமும் இதுவே. வழி மாறக்கூடிய நீருக்கு வேலி போட்டு உரிமை கொண்டாட முடியாது, சேர்ந்துதான் மேலாண்மை செய்ய முடியும்.

அடுத்து சூடு. 70 டிகிரி நீரில் யாராலும் இறங்க முடியாது. ஆறவைத்துத்தான் தொட்டிக்கு விட வேண்டும். அந்தச் சூட்டைக் காற்றில் விட்டுவிடுவது விரயம். முதலில் அறைகளைச் சூடாக்க, பிறகு பசுமைக்குடிலுக்கு, கடைசியில் குளிக்க என்று படிப்படியாக இறக்கிப் பயன்படுத்துவதை ‘அடுக்குப் பயன்பாடு’ என்பார்கள். சொல்வது சுலபம், செய்வது கடினம். இந்த நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் உப்பும் குழாய்களில் படிந்து கல்லாகி அடைத்துவிடும். எடிப்சோஸ் கடலோரத்தில் இந்தப் படிவு பாறை பாறையாகத் திரண்டு நிற்பதைப் பார்க்கலாம். அதனால் ஊற்று நீரைக் குழாயில் ஓட்டாமல், அதன் சூட்டை மட்டும் நல்ல தண்ணீருக்கு மாற்றும் கருவி தேவைப்படுகிறது. பயன்படுத்திய நீரையும் சூடு ஆறாமல் ஓடையிலோ கடலிலோ கொட்டக் கூடாது.

இதில் மக்களைக் கேட்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மீலோஸ் தீவு உதாரணம். 1980களில் அங்கே புவிவெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் சிறிய சோதனை நிலையம் ஒன்று இயங்கியது. அழுகிய முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஊருக்குள் வந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், நிலையம் மூடப்பட்டது. நிசிரோஸிலும் துளையிடும் முயற்சிக்கு எதிர்ப்பு வலுத்தது. அந்தக் கசப்பு மறைவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிறது.

பருவத்தைப் பற்றிய தவறு இன்னும் சாதாரணமானது. பழைய வழக்கப்படிப் பெரும்பாலான குளியல் ஊர்கள் கோடையில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடிவிடும். ஆனால் வெந்நீர் அருமையாகத் தெரிவது குளிரில்தானே! வோராஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பொசாரைப் பாருங்கள். பனி விழும் மாதங்களில் தெசலோனிகி நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மேலே அம்மலையின் உச்சியான கைமாக்சலானில் பனிச்சறுக்கு, கீழே ஆற்றங்கரைத் தொட்டியில் வெந்நீர். கடற்கரைத் தீவுகள் குளிர்காலத்தில் கடையடைக்கும் நாட்டில் இது பெரிய வரம். ஆண்டு முழுக்க வேலை இருந்தால்தான் இளைஞர்கள் ஊரில் தங்குவார்கள், பள்ளிக்கூடம் மூடாது, பேக்கரி மூடாது.

கடைசியாக வருமானம். வருகிறவர் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே குளித்துவிட்டுப் போனால் ஊர்க்காரருக்குக் கிடைப்பது அறை துடைக்கும் வேலை மட்டும்தான். முதலீட்டாளர் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, இடிந்த கட்டடங்களைத் தூக்கி நிறுத்தப் பணம் வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் பொதுக் குளியலறைக்கும் உள்ளூர்க் கட்டணத்துக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பண்பாட்டு மறுமலர்ச்சி: கட்டடம் பாதி, வழக்கம் பாதி

2021இல் யுனெஸ்கோ ‘ஐரோப்பாவின் பெரும் குளியல் நகரங்கள்’ என்று ஏழு நாடுகளின் 11 நகரங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாத், விசி, பாடன்பாடன், கார்லோவி வாரி எல்லாம் அதில் உண்டு. கிரேக்க ஊர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியல் பார்த்தது 1700 முதல் 1930கள் வரை வளர்ந்த நகரங்களை, அவற்றின் மண்டபங்களையும் பூங்காக்களையும். கிரேக்க ஊர்களின் செல்வம் வேறு வகையானது. ஒரு ரோமானியத் தொட்டி, ஒரு ஒட்டோமன் குவிமாடம், ஒரு 19ஆம் நூற்றாண்டு மாளிகை, 1960களின் கான்கிரீட் கட்டடம் என்று ஒரே ஊற்றைச் சுற்றிக் காலம் காலமாகச் சேர்ந்த அடுக்குகள் அவை. அவற்றில் ஒன்றை மட்டும் பளபளப்பாக்கி மற்றதை இடித்தால் தொடர்ச்சி அறுந்துவிடும்.

கட்டடத்தைப் புதுப்பிப்பது தேவைதான். அதோடு நின்றால் கிடைப்பது அருங்காட்சியகம். குளிக்கும் வழக்கம் ஒரு பண்பாடு: எவ்வளவு நேரம் இறங்குவது, எப்போது ஏறுவது, அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்து காபி குடிப்பது, முதியவர் ஒருவர் புதிதாக வந்தவருக்குச் சொல்லித் தருவது, இவையெல்லாம் சேர்ந்தது. எடிப்சோஸில் பெரிய ஹோட்டலுக்கு முன்னாலேயே வெந்நீர் பாறைகளின் மேல் வழிந்து கடலில் விழுகிறது. குளிரில் கூட ஊர்க்காரர்கள் அதில் காசு கொடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கித்னோஸிலும் வெந்நீர் கடற்கரைக்கு ஓடி வந்து கல் அடுக்கிய சிறு குட்டையில் சேர்கிறது. மறுமலர்ச்சி உண்மையானதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது இந்த இலவச இடங்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்பதைத்தான்.

சுருக்கமாக: நீரை அளந்து எடுப்பது ஒரு வேலை. அதில் யார் குளிக்க முடிகிறது என்பதைக் காப்பது இன்னொரு வேலை. முதலாவது வளர்ச்சியை நீடிக்க வைக்கும், இரண்டாவது பண்பாட்டை.

வடக்கு எவியா: எரிந்த பிறகு

2021 ஆகஸ்டில் எவியாவின் வடக்கே மூண்ட காட்டுத் தீ ஏறத்தாழ 50,000 ஹெக்டேரை எரித்தது. மக்களைப் படகுகளில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பைன் மரத்தில் பிசின் எடுப்பவர்களும் தேனீ வளர்ப்பவர்களும் ஒரே வாரத்தில் தொழிலை இழந்தார்கள். எடிப்சோஸ் அந்தப் பகுதியின் குளியல் ஊர். காடு போனால் ஊற்று உடனே நின்றுவிடாது. ஆனால் மலையில் வேர் பிடித்திருந்த மண் அரிக்கப்பட்டு, மழை ஊறாமல் ஓடிவிடும், வெள்ளம் வரும். ஊர்க்காரர் பரிமாறும் தேனும், வருகிறவர் நடக்கும் நிழலும் போய்விடும்.

அதன் பிறகு முன்னாள் பண்பாட்டு அமைச்சர் ஸ்தாவ்ரோஸ் பெனோஸ் தலைமையில் புனரமைப்புக் குழு ஒன்றை அரசு அமைத்தது. காடு, பிசின், தேன், சாலை, குளியல் ஊர் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. எனக்கு இது சரியான திசையாகத் தெரிகிறது. எடிப்சோஸுக்குக் குளிக்க வருகிறவர் எரிந்த மலையைத் தாண்டித்தான் வர வேண்டும். பிசின்காரரின் மகனுக்கு ஊரில் வேலை இல்லையென்றால் குளியல் மண்டபத்தில் வேலை செய்யவும் ஆள் இருக்காது.

போகிறவர்களுக்கு

வாய்ப்புக் கிடைத்தால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். ஊருக்கு வருமானம் தேவைப்படும் மாதங்கள் அவை, கூட்டமும் குறைவு. ஆனால் அந்த ஊற்று அப்போது திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா ஊரும் பொசார் ஆகிவிடவில்லை. சிறிய வாடகை அறைகளில் தங்கி, ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். முதல் நாளில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்க வேண்டாம், ஏறியதும் நிறையத் தண்ணீர் குடியுங்கள். இலவச ஊற்றுகளில் சோப்பும் ஷாம்பூவும் கூடாது. கல்லை நகர்த்தி உங்களுக்கென்று தனிக் குட்டை கட்டாதீர்கள், அந்தக் கற்களை அடுக்கியவர்கள் நீரின் சூட்டைக் கணக்குப் பார்த்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.